சிறு வழங்கியும் பெரும் பயனும்

பழைய மாணவர் சங்கக் கூட்டங்கள் எங்கே கூடினும் ஆங்கெல்லாம் அண்மைக் காலமாக ஒரு வினா எழுவதைக் காண்கின்றோம். சங்கத்துக்கென இணையத்தில் ஓர் இடம் வேண்டுமா? வேண்டுமாயின் அதனை எங்கே அமைப்பது? எவ்வளவு செலவாகும்? எவர் காப்பது? கூடியிருப்போருள் ஒரு சாரார், "முகநூலில் ஒரு பக்கம் இருக்கின்றதே, அதுவே அமையும்" என்பர். மற்றொரு சாரார் பெருந்தொகை கொடுத்து ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தல் வேண்டும் என்பர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாய், செலவிற் சிறியதாய், ஆட்சி நம் கையில் நிற்பதாய் மூன்றாவது வழியொன்று உண்டு. குறைந்த நினைவகமுடைய லினக்ஸ் மெய்நிகர் வழங்கியை வாடகைக்கு எடுத்தலே அது. அஃது யாது, எவ்வெப் பணிக்கு உதவும், எவ்வெப் பணிக்கு உதவாது என்பனவற்றை, கணினித் துறையிற் பயிலாத அன்பர்களும் அறியுமாறு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

வினாவின் முதன்மை

இவ்வினா வசதி ஒன்றையே பற்றியதன்று. ஒருபுறம் வாவியும் மறுபுறம் புன்னைக்குடாக் கடலுமாக அமைந்த ஏறாவூரிலும் அதன் அயற் கிராமங்களிலும் வாழும் நமக்கு, ஏடுகளின் நிலையாமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1978 ஆம் ஆண்டு நவம்பர் மாதச் சூறாவளி கூரைகளோடு பெட்டகங்களையும் குலைத்தது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோர இல்லங்களிலிருந்த கடிதங்களையும் படங்களையும் வாரிச் சென்றது. இவற்றிற்கிடையே இடப்பெயர்வுகள் பல நிகழ்ந்தன. வடக்கே 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. கல்லூரி மலர் ஒன்றின் ஒரே படி எவரோ ஒருவர் வீட்டு அலுமாரியில் எஞ்சியிருப்பின் அதனையே பெரும்பேறாகக் கருதும் நிலை நம்மிடையே உண்டு.

கடதாசி அழியும், இணையம் அழியாது என்று எண்ணுவோரும் உளர். அதுவும் பிழையே. தமிழர் பலர் தம் முதல் இணையப் பக்கங்களை இலவசமாக அமைத்துக்கொண்ட ஜியோசிற்றீஸ் என்னும் தளத்தை, அதன் உரிமை பெற்ற யாகூ நிறுவனம் 2009 ஒக்ரோபரில் மூடிற்று. சங்கங்களின் கடிதப் போக்குவரத்துக்கு உறைவிடமாயிருந்த யாகூ குழுக்களில் சேர்ந்திருந்த பழைய கடிதங்களும் படங்களும் 2019 இறுதியில் நீக்கப்பட்டன. 2020 டிசம்பரில் அச்சேவையே முடிவுற்றது. முன்கூட்டிப் படியெடுத்து வைத்தோர் தப்பினர். ஏனையோர் பத்து, பதினைந்து ஆண்டுக் கடிதங்களை இழந்தனர். பிறர் நிலத்தில் இலவசமாகக் குடியிருப்போர், நிலக்காரர் எழும்பச் சொல்லும் நாளில் எழும்ப வேண்டியவரே. ஆதலின், தன் பொருளைத் தான் வேண்டியபோது முழுவதும் எடுத்துச் செல்லத்தக்க இடத்தில் வைத்தல் ஒரு சங்கத்தின் கடமையாகின்றது.

வழங்கி என்பது யாது?

கேட்டதைக் கேட்டவர்க்கு வழங்கும் கணினி வழங்கி எனப்படும். ரொறன்ரோவிலிருக்கும் அன்பர் ஒருவர் தம் கைபேசியில் ஒரு முகவரியைத் தட்டுகின்றார். அவ்வேண்டுகோள் கடலடிக் கம்பிகளின் வழியே ஓடி, இரவும் பகலும் விழித்திருக்கும் ஒரு கணினியை அடைகின்றது. அக்கணினி உரிய பக்கத்தை எடுத்து அனுப்புகின்றது. வழங்கியின் தொழில் இவ்வளவே. இதனைச் செய்யும் கணினிக்கு வேண்டுவன மூன்று: அணையாத மின்சாரம், அறாத இணைப்பு, மாறாத முகவரி.

இம்மூன்றையும் நம் இல்லத்திலோ கல்லூரியிலோ பெறுதல் எளிதன்று. 2022 மார்ச்சில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டமையை எவரும் மறந்திரார். அன்றியும், வீட்டு இணைப்புக்களிற் பெரும்பாலானவற்றிற்கு நிலையான பொது முகவரி எண் வழங்கப்படுவதில்லை. பல வீடுகள் ஒரே எண்ணைப் பகிர்ந்து கொள்கின்றன. ஆகவே, இதற்கென அமைந்த தரவு நிலையங்களில் ஒரு கணினியை வாடகைக்கு எடுத்தல் வழக்கமாயிற்று.

முழுக் கணினியொன்றை எடுப்பின் வாடகை மிகும். அதன் ஆற்றலில் நூறில் ஒரு பங்குகூட நமக்கு வேண்டியிராது. இதற்குத் தீர்வாக எழுந்ததே மெய்நிகர் வழங்கி. நம் நாட்டு வயற்காணிகளை நினைவிற் கொள்வார்க்கு இது எளிதில் விளங்கும். பரந்த வட்டையொன்று வரம்புகளாற் பல வயல்களாகப் பிரிந்து கிடக்கின்றது. ஒவ்வொரு வயலும் ஒவ்வொருவர் செய்கை. ஒருவர் வயலில் மற்றொருவர் இறங்குவதில்லை. வாய்க்கால் நீரை முறைவைத்துப் பங்கிட வட்டைவிதானையார் இருக்கின்றார். அவ்வாறே ஒரு பெரிய கணினியைப் பல சிறு கணினிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய நினைவகத்தையும் வட்டிடத்தையும் செயலி நேரத்தையும் அளந்து விடும் மென்பொருள் ஒன்று உண்டு. வாடகைக்காரர்க்குத் தம் பகுதி தனிக் கணினியாகவே தோற்றும்.

இக்கருத்துப் புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களின் பிற்பகுதியிலேயே தம் பெருங்கணினிகளில் இதனைச் செய்து காட்டினர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பிறந்த சென் என்னும் மென்பொருள் 2003 இல் வெளிவந்தது. 2007 இல் கே.வி.எம். என்னும் அமைப்பு லினக்சின் கருவுடனேயே இணைக்கப்பட்டது. அதன்பின் இவ்வாடகைத் தொழில் உலகெங்கும் பரவி, விலையும் வீழ்ந்தது. 512 மெகாபைற்று நினைவகமும் 10 கிகாபைற்று வட்டிடமும் கொண்ட சிறு வழங்கியொன்று இந்நாளில் மாதம் நான்கு அல்லது ஐந்து அமெரிக்க டொலருக்குள் கிடைக்கின்றது.

லினக்ஸ் ஏன்?

1991 ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் தாம் எழுதிய இயங்குதளக் கருவொன்றை உலகறிய வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1983 இல், றிச்சார்ட் ஸ்டோல்மன் என்பவர் எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள்களை ஆக்கும் குனூ திட்டத்தை அறிவித்திருந்தார். இவ்விரண்டும் இணைந்ததே இன்று யாம் லினக்ஸ் என வழங்குவது. இதற்கு உரிமக் கட்டணம் இல்லை. வேண்டாத உறுப்புக்களைக் களைந்து விடலாம். படங்களும் சாளரங்களும் இன்றி, எழுத்துக் கட்டளைகளாலேயே இயக்கலாம். அவ்வாறு களைந்த தெபியன் இயங்குதளம் நூறு மெகாபைற்று அளவிலேயே அமைதியாக ஓடும். அல்பைன் என்னும் வகை அதனினும் சிறியது. குறைந்த நினைவகத்தில் நிறைந்த பணி கொள்ளுதற்கு இதுவே காரணம்.

512 மெகாபைற்று போதுமா?

இவ்வையம் பலர்க்கு உண்டு. தம் கைபேசியிலேயே இதனினும் எட்டு மடங்கு நினைவகம் இருக்கின்றதே என்பர். 1969 இல் மனிதரைச் சந்திரனுக்கு வழிநடத்திய அப்பலோ கணினியின் மாற்றத்தக்க நினைவகம் 2,048 சொற்கள். அஃதாவது ஏறத்தாழ நான்கு கிலோபைற்று. நம் சிறு வழங்கி அதனினும் ஓர் இலட்சத்து முப்பதாயிரம் மடங்கு பெரியது. ஆகவே அளவு சிறிதா பெரிதா என்பது செய்யும் பணியைப் பொறுத்ததேயாகும்.

நம் பணியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். யூனிக்கோடு முறையில் ஒரு தமிழ்க் குறியை யு.ரி.எப்.-8 வடிவிற் சேமிக்க மூன்று பைற்று வேண்டும். "க" என்பதற்கு மூன்று. "கு" என்பதற்கு மெய்யும் உயிர்க்குறியுமாக ஆறு. ஒரு சொல்லுக்குச் சராசரி எட்டுக் குறிகள் எனக் கொள்ளின், இடைவெளியோடு 25 பைற்று ஆகும். பக்கத்துக்கு 300 சொற்கள் வீதம் 120 பக்க மலரொன்று 900 கிலோபைற்றுக்குள் அடங்கும். அனுப்பும்போது சுருக்கி அனுப்பின் கால் பங்கினும் குறையும். ஐம்பது மலர்களின் எழுத்து முழுவதும் 45 மெகாபைற்று மட்டுமே. பக்கங்களைப் படமாகவும் வைக்க விரும்பின், பக்கத்துக்கு ஒரு மெகாபைற்று வீதம் மலரொன்றுக்கு 120 மெகாபைற்று. ஐம்பது மலர்களுக்கு 6 கிகாபைற்று. பத்துக் கிகாபைற்று வட்டிடத்தில் இதுவும் அடங்கி, இயங்குதளத்துக்கும் இடம் எஞ்சும்.

நினைவகம் செலவாவது வேறோரிடத்தில். இணையப் பக்கங்கள் இரு வகைப்படும். ஒன்று, முன்னரே ஆக்கி வைத்து எடுத்துக் கொடுப்பது. மற்றது, கேட்குந்தோறும் தரவுத்தளத்தைத் துருவிப் புதிதாக ஆக்கிக் கொடுப்பது. முன்னையது அச்சிட்ட மலரை அடுக்கிலிருந்து எடுத்து நீட்டுதல் போன்றது. பின்னையது வருவோர் ஒவ்வொருவர்க்கும் அம்மலரைக் கையால் எழுதிக் கொடுத்தல் போன்றது. எழுதுவோர் பத்துப் பேர் வேண்டுமாயின் பத்து மேசைகள் வேண்டும், அம்மேசைகளே நினைவகம். அத்தகைய செயல்முறை ஒவ்வொன்றும் முப்பது, நாற்பது மெகாபைற்றுக் கொள்ளுமாயின், பத்துச் செயல்முறைகள் சிறு வழங்கியை நிரப்பிவிடும். ஆக்கி வைத்த பக்கங்களுக்கோ ஒரு மேசையே போதும். 2004 இல் வெளிவந்த என்ஜின்எக்ஸ் என்னும் வழங்கி மென்பொருள், வாளாவிருக்கும் பத்தாயிரம் இணைப்புக்களை ஏறத்தாழ 2.5 மெகாபைற்றிலே தாங்கி நிற்கும் என அதனை ஆக்கியோர் குறித்துள்ளனர். ஆதலின், சங்கத்தின் பக்கங்களை இயன்றவரை ஆக்கி வைத்த பக்கங்களாக அமைத்தல் முதல் விதியாகும்.

எவ்வெப் பணிகளுக்கு உதவும்?

முதலாவது, மலர்களுக்கும் படங்களுக்கும் உரிய நிலையம். நம் நாட்டில் இதற்கு ஒரு சீரிய முன்மாதிரி உண்டு. 2005 இல் தமிழ்த் தொண்டர்கள் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நினைவு மலர்களையும் கல்லூரிச் சிறப்பு மலர்களையும் எவரும் கட்டணமின்றிப் படிக்குமாறு இணையத்தில் வைத்துள்ளது. தமிழகத்தையும் புலம்பெயர் நாடுகளையும் சார்ந்த அன்பர்கள் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும் அத்தகையதே. நம் மலர்களை நூலகத்திற்கும் வழங்குதல் வேண்டும். நம் வழங்கியிலும் வைத்தல் வேண்டும். ஒரு படி ஓரிடத்தில் மட்டும் இருத்தல் படி இல்லாமைக்கு ஒப்பாகும்.

ஈண்டு ஒரு குறிப்பு. அண்மைப் பல்லாண்டு மலர்கள் பாமினி முதலிய எழுத்துருக்களிற் கோக்கப்பட்டவை. அவற்றின் கோப்பைத் திறந்தால், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற உரோம எழுத்துக்களே தோன்றும். தேடினும் ஒரு பெயரும் அகப்படாது. அவற்றை யூனிக்கோட்டுக்கு மாற்றும் சிறு நிரல் சில கிலோபைற்று அளவினது. நம் வழங்கியே அதனைச் செய்யும். அச்சுப் படங்களிலிருந்து எழுத்தை அறியும் பணியோ நினைவகத்தை மிக உண்பது. அதனை வீட்டுக் கணினியிற் செய்து, விளைவை மட்டும் வழங்கியில் ஏற்றுதலே முறை.

இரண்டாவது, காப்புப் படி. கல்லூரி அலுவலகத்துக் கணினியிலுள்ள அழைப்புப் பட்டியல், கூட்டக் குறிப்பு, கணக்கு ஆகியவற்றை இரவுதோறும் தொலைவிலுள்ள வழங்கிக்குப் படியெடுக்கலாம். 1996 இல் வெளிவந்த ஆர்சிங் என்னும் கருவி, மாறிய பகுதிகளை மட்டுமே கண்டறிந்து அனுப்பும். மெதுவான இணைப்புக்கும் அது சுமையாகாது. அனுப்புமுன் மறைகுறியாக்கம் செய்தல் இன்றியமையாதது. வெள்ளம் வாவியில் எழுந்தாலும் அப்படி கடல் கடந்த ஊரில் உலர்ந்தே இருக்கும்.

மூன்றாவது, ஒலிபரப்பு. பரிசளிப்பு விழாவின் உரைகளை வெளிநாட்டு அன்பர்கள் உடனுக்குடன் கேட்க விரும்புவர். செக்கனுக்கு 64 கிலோபிற்று வேகத்தில் ஒலியை மட்டும் அனுப்பின், ஒருவர்க்கு மணிக்கு ஏறத்தாழ 29 மெகாபைற்றுச் செல்லும். நூறு பேர் மூன்று மணி நேரம் கேட்பின் 8.6 கிகாபைற்று. சிறு வழங்கிகளின் மாதப் போக்குவரத்து வரம்பு பெரும்பாலும் 500 கிகாபைற்றோ அதனினும் மிகுதியோ ஆதலால் இஃது எளிதில் அமையும். ஐஸ்காஸ்ற் என்னும் இலவச மென்பொருள் இதற்குப் போதும். கல்லூரியிலிருந்து ஓர் ஓடை மட்டுமே வழங்கிக்குச் செல்கின்றது. அதனை நூறாகப் பெருக்குவது வழங்கியின் வேலை.

நான்காவது, வாவியின் நீர்மட்டக் குறிப்பு. கார்த்திகை, மார்கழி மழையில் வாவி பெருகி, முகத்துவார மணற்றிட்டு வெட்டப்படும் காலத்தை எதிர்நோக்கி மக்கள் காத்திருத்தலை யாம் அறிவோம். 2011 சனவரி வெள்ளத்தில் வயல்களும் வீடுகளும் நீருள் அமிழ்ந்தமையும் நினைவில் உள்ளது. விஞ்ஞான வகுப்பு மாணவர்கள் சிறு உணர்கருவியொன்றைப் பாலத்தூணிற் பொருத்தி, கால் மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தை அனுப்புமாறு அமைக்கலாம். குறிப்பொன்று நூறு பைற்று எனின் நாளொன்றுக்கு 96 குறிப்புக்கள், ஆண்டுக்கு 3.5 மெகாபைற்று. பத்து இடங்களில் வைப்பினும் 35 மெகாபைற்றே. எண்ணெய்க் குழாய்களைத் தொலைவிலிருந்து கண்காணிப்பதற்காக 1999 இல் வகுக்கப்பட்ட எம்.கியூ.ரி.ரி. என்னும் செய்தி முறை இத்தகைய பணிக்கே உரியது; அதன் மிகச் சிறிய செய்தி இரண்டே பைற்று. இம்முயற்சி நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அளவைக்கோ அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எச்சரிக்கைக்கோ ஈடாகாது. எனினும், தம் ஊர் நீரைத் தாமே அளந்து பத்தாண்டுக் குறிப்பைச் சேர்த்து வைக்கும் மாணவர், பூகோளத்தையும் கணிதத்தையும் ஏட்டில் மட்டும் படித்தவராகார்.

ஐந்தாவது, காவற்காரன். கல்லூரியின் பிரதான இணையதளமோ அலுவலக இணைப்போ இயங்குகின்றதா என்று ஐந்து நிமிடத்துக்கொரு முறை வெளியிலிருந்து தட்டிப் பார்த்து, விடையில்லையேல் பொறுப்பாளர்க்குச் செய்தி அனுப்புதல். வீட்டினுள் இருப்பவன் வீடு எரிவதை அறிவிப்பதிலும் வெளியே நிற்பவன் அறிவித்தல் நன்றன்றோ! இதற்கு வேண்டும் நினைவகம் மிகச் சொற்பம்.

ஆறாவது, மறைவழி. அலுவலகக் கணினிக்கு நேரே வெளியுலகிலிருந்து வாசல் திறத்தல் ஆபத்து. 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவோடு சேர்ந்த வயர்கார்ட் என்னும் மென்பொருளால், கல்லூரிக்கும் வழங்கிக்கும் பொருளாளர் இல்லத்துக்கும் இடையே மறைகுறியாக்கிய தனிப்பாதையொன்றை அமைக்கலாம்.

ஏழாவது, பயிற்சிக் களம். எம் கருத்தில் இதுவே தலையாயது. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ பிறவிடத்திலோ கணினித்துறை பயிலப் புகும் மாணவன், அதற்கு முன்பே ஒரு மெய்யான வழங்கியை இயக்கிப் பழகியிருப்பின் அவனுக்கு வரும் துணிவு பெரிது. நினைவகம் தாராளமாயுள்ள கணினியில் பிழையான நிரலும் ஓடிவிடும், பிழை புலப்படாது. சிறு வழங்கியிலோ ஒவ்வொரு மெகாபைற்றும் கணக்கில் வரும். எந்தச் செயல்முறை எவ்வளவு உண்கின்றது, ஏன் உண்கின்றது என்று ஆராயாமல் அங்கே வாழ்தல் இயலாது. பிழை நேரின் அழித்து மறுபடியும் நிறுவப் பத்து நிமிடம் போதும். கெடுத்துப் பார்த்துக் கற்றற்கு இதனினும் மலிவான ஆய்வுகூடம் வேறில்லை.

சகானா தரும் சான்று

சிறு கருவியும் திறந்த மென்பொருளும் பெருந்துயரில் எவ்வாறு உதவும் என்பதற்கு நம் தீவிலேயே சான்று உண்டு. 2004 ஆழிப்பேரலையின்பின், காணாமற் போனோர் எவர், எம்முகாமில் எத்தனை பேர், எந்நிறுவனம் எங்கே உதவுகின்றது, எவ்விடத்துக்கு எப்பொருள் வேண்டும் என்னும் வினாக்களுக்கு விடை காண்பது பெரும்பாடாயிற்று. இலங்கை மென்பொருள் அறிஞர்கள் தொண்டர்களாகக் கூடி, சில வாரங்களுள் சகானா என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை ஆக்கினர். சிங்கள மொழியில் அச்சொல் நிவாரணம் எனப் பொருள்படும். அது லினக்ஸ் முதலிய திறந்த மென்பொருள்களின் மேல் எழுந்தது. பின்னர் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிற்றி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்குரிய சமூகநலப் பரிசைக் கட்டற்ற மென்பொருள் நிறுவகம் அதற்கு அளித்தது. இதில் நாம் கொள்ளத்தக்க படிப்பினை யாது? துயர்க்காலத்தில் முதலில் வேண்டப்படுவன பெயர்ப்பட்டியல்களே. பட்டியல்கள் அளவிற் சிறியன. ஆயின் அவை ஒழுங்காகவும், ஒருவர் சட்டைப்பையில் அகப்படாமலும், எங்கிருந்தும் எட்டத்தக்கனவாகவும் இருத்தல் வேண்டும்.

செய்யத் தகாதன

சிறு வழங்கியிடத்து அதற்கு ஒவ்வாத வேலையை வாங்குதல், தோணியில் நெல்மூடை மிகையாக ஏற்றுதலை ஒக்கும். நினைவகம் நிரம்பின் லினக்ஸ் கருவே ஏதேனுமொரு செயல்முறையைக் கொன்று இடம் பெறும். கொல்லப்படுவது பெரும்பாலும் நமக்கு வேண்டிய தரவுத்தளமாகவே இருக்கும். வட்டிடத்தில் ஒரு பகுதியை மாற்று நினைவகமாக ஒதுக்கி வைத்தல் இதனை ஓரளவு தடுக்கும். எனினும் அது வேகங்குன்றியது. ஆதலின் ஒளிப்பட விழாக்களை முழு அளவிற் பரப்புதல், பெருந்தரவுத்தளம் நடத்துதல் ஆகியன இதற்குரியனவல்ல. மின்னஞ்சல் வழங்கி நடத்துதலும் புதியவர்க்கு ஏற்றதன்று. அதற்கு நினைவகத்தினும் நற்பெயரே முதன்மை. மலிவான வாடகை எண்களிலிருந்து வரும் கடிதங்களைப் பெரிய அஞ்சல் நிறுவனங்கள் ஐயத்துடனேயே நோக்கும். பல வாடகை நிறுவனங்கள் அஞ்சல் வாயிலை அடைத்தும் வைத்துள்ளன.

வழங்கி அமையும் ஊரைத் தெரிதலும் சிந்தித்தற்குரியது. ஒளியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்த்தூரம் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். போய் மீள 27 மில்லிசெக்கன் குறைந்தது வேண்டும். நியூயோர்க் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர், 140 மில்லிசெக்கன். பக்கம் படிப்போர்க்கு இவ்வேறுபாடு பெரிதன்று. காப்புப் படிக்கோ தொலைவு நன்மையே.

காவலும் கடமையும்

இணையத்தில் வழங்கியொன்று எழுந்த சில மணி நேரத்துள், உலகின் மூலை முடுக்குகளிலிருந்து தானியங்கு நிரல்கள் வந்து கதவைத் தட்டித் தட்டிக் கடவுச்சொல்லை ஊகிக்க முயலும். இஃது எவர்க்கும் நேர்வதே; அஞ்ச வேண்டுவதில்லை. கடவுச்சொல்லால் நுழையும் வழியை அடைத்து, திறவுகோல் இணை முறையை மட்டும் வைத்தல். வேண்டாத வாயில்களைத் தீச்சுவராற் பூட்டுதல். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமே நிறுவப்படுமாறு செய்தல். தளத்துக்கு மறைகுறியாக்கச் சான்றிதழ் பெறுதல் ஆகிய நான்கும் இன்றியமையாதன. சான்றிதழ்கள் 2015 முதல் லெற்ஸ் என்கிறிப்ற் என்னும் பொதுநல அமைப்பினால் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. அன்பர்களின் முகவரிகளையும் தொலைபேசி எண்களையும் பொதுவில் வைத்தல் தகாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் அதுவே.

ஆயினும், சங்கங்களின் இணைய இடங்கள் மறைந்தொழிவது பெரும்பாலும் பகைவரால் அன்று, மறதியால். ஒரு செயலாளர் தம் சொந்தக் கடனட்டையால் வாடகை செலுத்தி வருகின்றார். அவர் வெளிநாடு செல்கின்றார், அல்லது காலமாகின்றார். அட்டை காலாவதியாகின்றது. வாடகை நிறுவனத்தின் நினைவூட்டற் கடிதங்கள் எவரும் திறவாத அஞ்சற்பெட்டியிற் சேர்கின்றன. சில வாரங்களில் வழங்கி துடைக்கப்படுகின்றது. ஆள்களப் பெயரும் பிறர் கைக்குச் செல்கின்றது. இங்கே குறைந்தது கணினியின் நினைவகம் அன்று, மனிதரின் நினைவே. ஆகவே சங்கங்கள் தம் யாப்பில் எழுதிக்கொள்ளத்தக்கன சில உள:

ஆள்களப் பெயரும் வழங்கியும் தனி ஒருவர் பெயரிலன்றிச் சங்கத்தின் பெயரில் இருத்தல் வேண்டும்.

திறவுகோல் மூவரிடம் இருத்தல் வேண்டும். அவருள் ஒருவர் ஊரிலும் ஒருவர் வெளிநாட்டிலும் ஒருவர் முப்பது வயதுக்குட்பட்டவராயும் இருத்தல் நன்று.

வாடகை ஈராண்டுக்கு முற்பணமாகச் செலுத்தப்பட்டு, ஆண்டுக் கணக்கறிக்கையில் தனி வரியாகக் காட்டப்பட வேண்டும்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முந்திய வாரம், காப்புப் படியிலிருந்து தளம் முழுவதையும் வேறொரு புதிய வழங்கியில் எழுப்பிக் காட்டல் வேண்டும். எழுப்பிக் காட்டப்படாத காப்பு, காப்பு எனப்படாது.

இப்பணிகள் எவையும் பெருஞ்செல்வத்தை வேண்டுவனவல்ல. மாதம் ஐந்து டொலர் வீதம் ஆண்டுக்கு அறுபது டொலர். வெளிநாட்டுக் கிளைகளிற் பன்னிருவர் ஆளுக்கு ஐந்து டொலர் இடின் முடியும் காரியம். 1930களில் தமிழிற் கலைச்சொல்லாக்கப் பணிக்கு முன்னின்று உழைத்த விபுலானந்த அடிகள் பிறந்த மாநிலம் இது. புதிய கலைகளைத் தமிழாற் கையாளுதல் நமக்குப் புதிதன்று. தமிழெழுத்தாலேயே ஆள்களப் பெயர் பூணத்தக்கதாகப் புள்ளி இலங்கை என்னும் ஈறும் 2010 முதல் நமக்குக் கிடைத்துள்ளது.

இனிச் செய்யற்பாலது யாதெனின், இம்மலரைப் படிப்போர் தத்தம் வீட்டு அலுமாரிகளை ஒருமுறை திறந்து பார்த்தலே. பழைய மலரோ, வகுப்புப் படமோ, விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சி நிரலோ அகப்படின் அதனைப் படியெடுத்துச் சங்கத்திடம் சேர்ப்பிக்குமாறு வேண்டுகின்றோம். அவற்றை வைத்தற்கு ஓர் இடம் எவ்வாறு அமையும், எவ்வளவாகும் என்பதை மேலே கணக்கிட்டுக் காட்டினோம். இடம் சிறியதே, எனினும் ஐம்பது ஆண்டு மலர்கள் அதில் அடங்கும். பேணுவார் மூவர் முன்வரின் அவை நெடுங்காலம் நிற்கும்.